குதிக்கும் சிலந்திகளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்காவில் ஒரு செடியின் முன் அரைமணி நேரம் குனிந்து நின்றால், யாராவது ஒருவர் வந்து "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்பார். கேமராத் திரையில் சிலந்தியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. போகப் போகக் கொஞ்சம் நுணுக்கமானவை.

குதிக்கும் சிலந்தின்னா எது? வீட்டுச் சுவரில் விட்டு விட்டு ஓடுமே, அதுவா?

பெரும்பாலும் அதுதான். கால்கள் குட்டையாக இருந்து, கொஞ்சம் ஓடி, நின்று, முகத்தைத் திருப்பி உங்களைப் பார்க்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம். அறிவியலில் இந்தக் குடும்பத்துக்கு சால்டிசிடே என்று பெயர். பெயர் சூட்டப்பட்ட இனங்கள் மட்டும் 6,000க்கு மேல் இருக்கின்றன. சிலந்திகளில் இதைவிடப் பெரிய குடும்பம் கிடையாது. பெரும்பாலானவை இரைக்காக வலை பின்னுவதில்லை. கண்ணால் பார்த்து, பதுங்கிப் போய், பாய்ந்து பிடிக்கின்றன. முகத்தின் நடுவில் அந்த இரண்டு பெரிய கண்கள் இருப்பது இதற்காகத்தான்.

சுவரில் பார்ப்பவற்றில் மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ், பிளெக்சிப்பஸ் பேகுல்லி, ஹசாரியஸ் அடான்சோனி ஆகிய மூன்றும் மனிதர்களோடு சேர்ந்தே வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் பரவியவை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இவைதான் நல்ல பழகுமிடம். ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது, தேடி அலையவும் வேண்டாம்.

கடிக்குமா? விஷம் இருக்கா?

விஷம் உண்டு, ஆனால் அது ஈ, கொசு, சிறு அந்துப்பூச்சிகளை அடக்குகிற அளவுக்குத்தான். மனிதர்களுக்கு ஆபத்தான குதிக்கும் சிலந்தி என்று எதுவும் இல்லை. விரலுக்கும் துணிக்கும் நடுவில் நசுங்கினால் தற்காப்புக்காகக் கடிக்கலாம். தானாக உங்கள் கைமேல் ஏறினால், நடந்து போக விடுங்கள். அதுவே இறங்கிவிடும்.

எங்கே தேடுவது? நான் போனால் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை.

சிலந்தியின் உருவத்தைத் தேடினால் கிடைக்காது. அசைவைத் தேடுங்கள். பெரும்பாலானவை 3 முதல் 15 மி.மீ. வரைதான் இருக்கும், இலையின் நிறத்தோடு கலந்தும் போய்விடும். ஆனால் அந்த விட்டு விட்டு நகரும் நடை வேறு எந்தப் பூச்சிக்கும் இல்லை. ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து, முன்னால் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பூங்கா முழுக்க ஒரு சுற்று சுற்றுவதைவிட ஒரே புதரின் முன் நிற்பதில் அதிகம் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை உள்ள அகலமான இலைகள், இலையின் ஓரங்கள், பூக்கொத்துகளின் அடிப்பக்கம், மரப்பட்டையின் வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அதோடு மனிதர்கள் வைத்த பொருட்களையும் விடாதீர்கள். கைப்பிடிக் கம்பி, வேலி, அறிவிப்புப் பலகை, பெஞ்சின் முதுகு, தொட்டியின் விளிம்பு. சமமான பரப்பில் நிற்கும் சிலந்தி சட்டென்று தெரியும், பின்னணியும் சுத்தமாக இருக்கும். மடிந்த இலைக்குள் வெள்ளையாகப் பட்டு நூல் பூசியதுபோல் தெரிந்தால் அது யாரோ ஒருவருடைய வீடு. இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

காலையிலா, மாலையிலா? எந்த நேரம் போனால் நல்லது?

இவை பகலில் இயங்குபவை. வெயில் ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்தது. உடம்பு இன்னும் சூடேறாததால் மெதுவாக நகரும், வெளிச்சமான இலைமேல் வந்து நின்று வெயில் காயும். அதற்குப் பிறகு சுறுசுறுப்பாகிவிடும். உச்சி வெயிலில் பல இனங்கள் இலைக்கு அடியில் போய்விடுகின்றன. மழை விட்டு வெயில் அடிக்கும் நேரமும் நல்லது. காற்று அடிக்கிற நாளில் இலையில் இருப்பவற்றை விட்டுவிட்டு, சுவர், மரம், பலகை என்று அசையாத இடங்களில் தேடுங்கள்.

இரவில் இவை பட்டுப் பைக்குள் ஒடுங்கும், அல்லது ஒற்றை நூலில் தொங்கியபடி தூங்கும். எவார்க்கா ஆர்குவாட்டா என்ற இனத்தின் குஞ்சுகள் அப்படித் தொங்கும்போது, கண்ணுக்குள் இருக்கும் குழாய்கள் அவ்வப்போது அசைவதும் கால்கள் துடிப்பதும் 2022இல் பதிவாயின. நாம் கனவு காணும் உறக்கத்தில் கண் அசைவதைப் போன்ற ஒரு நிலை அது. அதைப் படித்ததிலிருந்து தொங்கித் தூங்கும் சிலந்திமேல் ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

போன் கேமராவில் எடுக்க முடியுமா, இல்லை அதற்கென்று கேமரா வாங்கணுமா?

போனில் தொடங்குங்கள். மேக்ரோ வசதி உள்ள பல போன்கள் 2, 3 செ.மீ. தூரம் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். இல்லையென்றால் போனில் மாட்டும் சிறிய மேக்ரோ லென்ஸ் போதும். சிக்கல் தூரத்தில்தான். அவ்வளவு பக்கத்தில் போகும்போது போனின் நிழல் சிலந்திமேல் விழும், அதுவும் பின்வாங்கும். வெயில் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிழல் பாதி சரியாகிவிடும்.

திரையில் கண்ணைத் தொட்டு அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டு, போனை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். ஒன்றிரண்டில் கண் தெளிவாக விழுந்திருக்கும். பழகும் காலத்தில் 10 மி.மீ.க்கு மேல் உள்ள பெரிய இனங்களை மட்டும் எடுத்தால் சலிப்பு வராது.

1:1 என்கிறார்கள், 2:1 என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

கேமராவுக்குள் இருக்கும் சென்சார்மேல் சிலந்தி எவ்வளவு பெரிதாக விழுகிறது என்பதுதான் கணக்கு. 1:1 என்றால் 6 மி.மீ. சிலந்தி சென்சாரிலும் 6 மி.மீ. இடம் பிடிக்கும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., ஆகவே சிலந்தி படத்தில் ஆறில் ஒரு பங்கு. சுமார் 24 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரில் நாலில் ஒரு பங்கு. 2:1 என்றால் இதுவே இரண்டு மடங்கு.

முழு உடம்பும் இலையும் தெரிய 1:1 தாராளம். முகம் மட்டும் படத்தை நிறைக்க வேண்டுமென்றால்தான் 2:1க்கு மேல் தேவை. பெருக்கம் ஏற ஏற எல்லாம் கடினமாகும், கை நடுக்கமும் சேர்த்துப் பெரிதாகத் தெரியும். முதல் ஆறு மாதம் 1:1இலேயே நில்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அப்படியென்றால் என்ன லென்ஸ் வாங்குவது? மேக்ரோ லென்ஸ் விலை அதிகமாக இருக்கிறதே.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதற்கும் கேமராவுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் போடலாம். டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (லென்ஸின் பெயரில் வரும் 50 மி.மீ. அதுதான்) வகுத்தால் எவ்வளவு பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 36 மி.மீ. டியூப் 50 மி.மீ. லென்ஸில் 0.7 மடங்கு கூட்டும். டியூபில் கண்ணாடி கிடையாது என்பதால் தரம் கெடுகிற பயம் குறைவு.

70–200 மாதிரி ஜூம் இருந்தால் அதன் முன்னால் ஒரு குளோஸ்-அப் லென்ஸை மாட்டுங்கள். அந்த வகையில் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர் சக்தி கொண்டது. டயாப்டர் என்பது லென்ஸின் சக்தியை அளக்கும் அலகு. குவியத் தூரத்தை டயாப்டரால் பெருக்கி 1000ஆல் வகுங்கள்: 200 மி.மீ.இல் 1.6 மடங்கு. சிலந்தியிலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளி நிற்கலாம். செலவு குறைவாக, பலன் அதிகமாகக் கிடைப்பது இதில்தான் என்று நினைக்கிறேன்.

மேக்ரோ லென்ஸே வாங்குவதென்றால் 90 அல்லது 100 மி.மீ. வாங்குங்கள். 60 மி.மீ. லென்ஸும் 1:1 தரும், ஆனால் அதிகம் நெருங்க வேண்டியிருக்கும். சிலந்திக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கிடைக்கிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் வெளிச்சம் விழுவதற்கான இடம்.

ஃபிளாஷ் இல்லாமல் இயற்கை வெளிச்சத்தில் எடுக்கக் கூடாதா?

தாராளமாக எடுக்கலாம். மெல்லிய மேகம் மூடிய காலையில் கிடைக்கிற நிறம் ஃபிளாஷில் கிடைக்காது. ஆனால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, சிறிதாக்க வேண்டும், ஷட்டர் வேகமும் வேண்டும் என்னும்போது வெளிச்சம் போதாமல் போகும். கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதற்கான ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் முகத்தில் உள்ள மெல்லிய முடிகளெல்லாம் புள்ளிகளில் கரைந்துவிடும்.

ஃபிளாஷின் பெரிய பயன் வெளிச்சத்தைவிட அதன் வேகம். சக்தியைப் பதினாறில் ஒரு பங்குக்குக் குறைத்தால் பல ஃபிளாஷ்கள் 1/10,000 விநாடி அளவுக்குத்தான் எரியும். உங்கள் கையும் இலையும் ஆடுவதை அது அப்படியே நிறுத்திவிடும்.

அந்த வெளிச்சம் சிலந்தியின் கண்ணைக் கெடுத்துவிடாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். சிலந்திக்கு இமை இல்லை, நம்மைப்போல் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அதனால் ஃபிளாஷைக் குறைந்த சக்தியில், பரவலான மென்மையான ஒளியாக மாற்றித்தான் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும்போது பெரும்பாலானவை முகம் துடைப்பதையோ இரை தின்பதையோ நிறுத்தாமல் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் வெளிச்சத்திலேயே பின்வாங்குகிற சிலந்தியும் உண்டு. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

என் படத்தில் கண்ணுக்குள் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரிகிறது. மற்றவர்கள் படத்தில் கண் முழுக்க அழகாக மின்னுகிறதே?

அது டிஃப்யூசரின், அதாவது ஃபிளாஷ் ஒளியை மென்மையாகப் பரப்பும் வெள்ளைத் திரையின், வேலை. குதிக்கும் சிலந்தியின் கண் ஒரு வளைந்த கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். வெறும் ஃபிளாஷை அடித்தால் அந்தச் சின்ன விளக்கு புள்ளியாகத் தெரியும். வளைய ஃபிளாஷ் போட்டால் வளையம் தெரியும், அதை நான் விரும்புவதில்லை. அகலமான வெள்ளைப் பரப்பு வழியாக ஒளி வந்தால் கண்ணின் மேல்பாதியில் வானம்போல ஒரு மென்மையான பிரகாசம் விழும், கண்ணின் உருண்டையும் தெரியும். ஒருவருடைய டிஃப்யூசர் எப்படிப்பட்டது என்பதை அவர் எடுத்த சிலந்தியின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சிலந்தியின் இடத்திலிருந்து பார்த்தால் ஒளிப் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே முக்கியம். ஆகவே டிஃப்யூசர் அகலமாக இருக்க வேண்டும், பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரு சாண் அகலத்துக்கு டிரேசிங் பேப்பரையோ பொருட்கள் சுற்றிவரும் வெள்ளை ஃபோம் தாளையோ வளைத்து, லென்ஸின் மேல் கூரைபோல முன்னால் நீட்டிக் கட்டினால் போதும். ஒரே தாளில் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று எரிந்தால், சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது தாள் சேருங்கள். முதல் தாளில் சிதறிய ஒளி இரண்டாவதில் சமமாகப் பரவும். நான் கடையில் வாங்கியவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். கையால் செய்து, கண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருத்தியதுதான் இப்போதும் என் லென்ஸில் இருக்கிறது.

சரி, செட்டிங் என்ன வைக்கணும்? எண்ணைச் சொல்லுங்கள்.

மேனுவல் மோடு. ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப் 8 முதல் 11 (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்), ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் மேனுவலில் எட்டில் ஒரு பங்கு. ஒரு இலையைப் படம் எடுத்துப் பார்த்து, ஃபிளாஷ் சக்தியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். வெள்ளை முடிகள் உள்ள முகம் சீக்கிரம் வெளிறிவிடும், அதனால் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துப் பிறகு தூக்கிக்கொள்வது நல்லது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள்.

கண் மட்டும் தெளிவாக இருக்கிறது, வயிறும் காலும் மங்கலாகிவிடுகிறது. எஃப் 22 வைத்தால் எல்லாம் தெளிவாகுமா?

ஆகாது. 1:1இல் எஃப் 8 வைத்தால் ஃபுல் ஃபிரேமில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. 2:1இல் அது மூன்றில் ஒரு பங்கு மி.மீ. அவ்வளவுதான். எஃப் எண்ணை ஏற்றினால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துளை வழியாகப் போகும் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மெத்தென்று ஆகிவிடும். அதோடு, நெருங்கி எடுக்கும்போது உண்மையான எஃப் எண் நீங்கள் வைத்ததைவிடப் பெரிது. 1:1இல் எஃப் 8 என்பது எஃப் 16 மாதிரி, 2:1இல் எஃப் 24 மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் பெருக்கம் கூடும்போது நான் எஃப் எண்ணைக் குறைக்கிறேன்.

இருக்கிற ஒரு மில்லிமீட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் உங்கள் கையில் உள்ளது. முன்பக்கத்து நான்கு கண்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருக்கின்றன. நேராக முகத்தை எடுத்தால் நான்கும் தெளிவாகும், வயிறு மங்கினாலும் பார்ப்பவருக்கு உறுத்தாது. பக்கவாட்டில் எடுத்தால் உடம்பின் நீளம் சென்சாருக்கு இணையாக வரும்படி நில்லுங்கள். கண் மங்கலாகி வயிறு தெளிவாக இருக்கும் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிரைபாட் வைத்தால் சரியாகுமா?

டிரைபாடைப் பிரித்து வைப்பதற்குள் சிலந்தி அடுத்த கிளைக்குப் போயிருக்கும். ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, லென்ஸில் பெருக்கத்தை ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். பிறகு உங்கள் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தி, கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துங்கள். மூச்சை வெளியே விட்ட பிறகு அழுத்தினால் நடுக்கம் குறையும்.

இலையில் இருக்கும் சிலந்தி என்றால் இன்னொரு வழி உண்டு. இடது கையின் இரண்டு விரலால் இலைக்காம்பை மெதுவாகப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வையுங்கள். இப்போது இலை ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. இந்த ஒன்றைக் கற்ற பிறகு எனக்குத் தேறிய படங்கள் பல மடங்கு கூடின. காம்பைப் பறிக்காமல், சிலந்தி பழகுவதற்கு ஒரு நிமிடம் கொடுத்துத் தொட வேண்டும்.

கிட்டே போனதுமே இலைக்கு அடியில் ஓடிவிடுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

அது உங்களைப் பார்த்துவிட்டது. எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டு பெரியவை நுணுக்கமாகப் பார்க்க. மற்றவை அசைவைக் கவனிக்க. அவை பெரும்பாலும் எல்லாத் திசைகளையும் பார்த்துவிடும், அதனால் பின்னாலிருந்து போவதில் பெரிய லாபம் இல்லை. காதும் சாதாரணமில்லை. ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ் என்ற இனம் 3 மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் சத்தத்தைக்கூட உணர்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. காலில் உள்ள மெல்லிய முடிகள்தான் அதற்குக் காது.

ஆகவே மறைந்து போக முயலாதீர்கள், தெரியும்படியே மெதுவாகப் போங்கள். நிழல் அதன்மேல் விழாமல் இருக்கட்டும். ஒரு கை தூரத்தில் நின்று, அது உங்களைத் திரும்பிப் பார்த்து, பிறகு தன் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். அதற்குப் பிறகு கேமராவை நேர்க்கோட்டில் கொண்டு போங்கள். பக்கவாட்டு அசைவைத்தான் அது உடனே கண்டுகொள்கிறது, நேராக வருவது அவ்வளவாக மிரட்டுவதில்லை. ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். அதே இடத்தில் அசையாமல் நின்றால் பல சமயம் ஒன்றிரண்டு நிமிடத்தில் இலை விளிம்பில் இரண்டு கண்கள் எட்டிப் பார்க்கும். நான் எடுத்த நல்ல முகங்களில் பாதி அப்படி எட்டிப் பார்த்தவை.

நேராகக் கேமராவைப் பார்க்க வைப்பது எப்படி?

அதன் உயரத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து எடுத்தால் அது ஒரு பூச்சி, கண் மட்டத்தில் எடுத்தால் அதற்கு ஒரு முகம் வந்துவிடும். லென்ஸின் முன்கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துத் தானாகவே திரும்புகிற சிலந்திகள் நிறைய. சில ஆண்கள் அந்தப் பிம்பத்தை எதிரியென்று எண்ணி முன்கால்களை உயர்த்திக் காட்டும். திரும்பவில்லையென்றால் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு விரலை லேசாக அசையுங்கள். குச்சியால் தள்ளுவதோ ஊதுவதோ வேண்டாம். ஊதினால் இலையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அந்தப் படத்தில் பயம் தெரியும்.

ஒரே சிலந்தி, ஒரு படத்தில் கண் கருப்பு, அடுத்த படத்தில் பழுப்பு. வெளிச்சத்தாலா?

இல்லை, அது உண்மையிலேயே மாறுகிறது. பெரிய கண்களின் லென்ஸ் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் அசையாது. அதற்குப் பின்னால் நீண்ட குழாய்போல ஒரு அமைப்பும், அதன் கடைசியில் விழித்திரையும் இருக்கின்றன. ஒவ்வொரு குழாயையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. குழாய் உங்களை நோக்கி இருக்கும்போது இருண்ட விழித்திரை தெரிவதால் கண் கருப்பு. அது வேறு பக்கம் பார்க்கும்போது குழாயின் வெளிர்ந்த சுவர் தெரிகிறது. அதாவது கண் கருப்பாக விழுந்த படம், அது உங்களையே பார்த்த படம். இது தெரிந்த பிறகு பழைய படங்களையெல்லாம் எடுத்து மறுபடி பார்த்தேன்.

விழித்திரை நான்கு அடுக்காக இருப்பதும் வியப்பானது. ஓர் அடுக்கில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் விழும் பிம்பத்தை வைத்து ஹசாரியஸ் அடான்சோனி தூரத்தை அளக்கிறது என்று 2012இல் கண்டறிந்தார்கள். பச்சை வெளிச்சத்தில் சரியாகக் குதித்த சிலந்திகள், சிவப்பு வெளிச்சத்தில் இரைக்கு முன்னாலேயே விழுந்தன. நாம் படத்தில் தொல்லையாக நினைக்கும் மங்கலை அது அளவுகோலாக வைத்திருக்கிறது.

பகலில்தான் எடுத்தேன், பின்னணி மட்டும் இரவுபோலக் கருப்பாக இருக்கிறது.

ஃபிளாஷ் ஒளி தூரம் போகப் போக வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்கு. 10 செ.மீ.இல் சிலந்தி பளிச்சென்று இருக்க, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் செடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. எளிய தீர்வு, பின்னால் சில சென்டிமீட்டரில் இன்னொரு இலை வரும்படி கோணத்தை மாற்றுவது. உதிர்ந்த இலை ஒன்றைக் கையில் பிடித்தாலும் போதும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றி, ஷட்டரை 1/100க்கு இறக்கி வெயிலையும் உள்ளே விடுங்கள். ஷட்டர் வேகத்தை ரொம்பக் குறைத்தால் விளிம்புகளில் இரட்டைக் கோடு வரும்.

ஸ்டாக்கிங் செய்யாமல் நல்ல படம் வராது என்கிறார்களே?

வரும். இங்கே சொன்னவை எல்லாம் ஒற்றைப் படத்துக்குத்தான். ஸ்டாக்கிங் என்பது ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்களின் தெளிவான பகுதிகளை மட்டும் சேர்ப்பது. ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. ஒவ்வொரு நகர்வும் மேலே சொன்ன தெளிவு ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் மங்கல் பட்டைகள் விழும்.

இரை தின்று கொண்டிருப்பதும், குளிர்ந்த காலையில் அசையாமல் நிற்பதும் இதற்கு ஏற்றவை. கையில் பிடித்தபடியே ஐந்து முதல் பத்துப் படம் எடுத்தால் முகமும் முன்கால்களும் முழுதாக வந்துவிடும். முகத்தருகே உள்ள உணர்கால்கள் எப்போதும் ஆடும், ஆடிய படங்களை நீக்கிவிட்டுச் சேருங்கள். வயிற்றின் கடைசி முடிவரை தெளிவாக வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் சிலந்தியை அசையாமல் வைக்கத் தவறான வழிகள் மனதில் வரும். அதுதான் அடுத்த கேள்வி.

டப்பாவில் பிடித்து, கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

வேண்டாம். குளிர வைத்த சிலந்தியின் கால்கள் மடங்கி, உடம்பு இலையோடு ஒட்டாமல் சரிந்திருக்கும். பழகியவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், அது அந்த உயிருக்கு நேர்கிற துன்பம். ஒரு படத்துக்காக அதைச் செய்ய நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீர் தெளித்துப் பனித்துளிபோல் காட்டுவதும், பசை தடவுவதும் இதே வகைதான்.

பிடித்து வீட்டுக்குக் கொண்டு போவதையும் நான் செய்வதில்லை. அதன் தூங்கும் பை அங்கேதான் இருக்கிறது, முட்டையும் அங்கே இருக்கலாம்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே லென்ஸ்மேல் குதித்துவிட்டது!

அடிக்கடி நடக்கும். கேமராவை உதறாதீர்கள். குதிப்பதற்கு முன் அது ஒரு நூலை இலையில் ஒட்டிவிட்டுத்தான் தாவும், பெரும்பாலும் அந்த நூல் இன்னும் இருக்கும். லென்ஸின் விளிம்பைப் பழைய இலைக்குப் பக்கத்தில் கொண்டு போய் வையுங்கள், தானாக இறங்கிவிடும். கண்ணாடியில் வழுக்காமல் நடப்பதும் அதற்கு எளிது. பாதத்தின் நுனியில் கற்றை கற்றையாக உள்ள நுண்முடிகள் பிடித்துக்கொள்ளும்.

மடிந்த இலைக்குள் வெள்ளைப் பை தெரிகிறது. பிரித்துப் பார்க்கலாமா?

கூடாது. உள்ளே அது தூங்கலாம், சட்டை உரிக்கலாம், முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கலாம். சட்டை உரித்த உடன் உடம்பு மென்மையாக இருக்கும், அப்போது தொந்தரவு வந்தால் கால் கோணலாகவே நின்றுவிடும். டாக்சியஸ் மேக்னஸ் என்ற எறும்பு வேட இனத்தின் தாய், பால் போன்ற திரவத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவது 2018இல் தெரியவந்தது. அப்படி என்னென்னவோ நடக்கிற வீடு அது. காலையில் பக்கத்தில் காத்திருங்கள், வாசலில் தலை நீட்டும். பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முகத்தைவிட நல்ல படம் எது?

ஆணா பெண்ணா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

வளர்ந்த சிலந்தியென்றால் பெரும்பாலும் முடியும். முகத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறைபோலப் பருத்திருந்தால் ஆண், ஒரே சீராக இருந்தால் பெண் அல்லது இளையது. பல இனங்களில் ஆண் நிறமாகவும் பெண் மண் நிறத்திலும் இருக்கும்.

நான் எடுத்தது எறும்பு என்று நினைத்தேன், சிலந்தி என்கிறார்கள். எப்படி?

மிர்மாப்ளாட்டா பிளாட்டாலியோய்டிஸ் என்ற குதிக்கும் சிலந்தி முசுறு எறும்பைப் போலவே இருக்கும். நிறம், இடுப்பு ஒடுக்கம், நடை எல்லாமே அதே மாதிரி. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டும். கால்களை எண்ணுங்கள், அந்த "கொம்பையும்" சேர்த்து எட்டு வரும். முகத்தை நேராக எடுத்தால் இரண்டு பெரிய கண்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஆணின் தாடை முன்னால் நீண்டிருக்கும். பார்த்தால் ஒரு எறும்பு இன்னொன்றைத் தூக்கிப் போவதுபோல இருக்கும்.

எடுப்பது கடினம், நிற்கவே நிற்காது. அதன் வழியைக் கவனித்து, வரப்போகிற இலையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதுதான் எனக்குப் பலித்த வழி. நிஜ முசுறுகளும் அங்கேதான் இருக்கும், கையைப் பார்த்து வையுங்கள்.

பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு படம் அனுப்பினால் போதுமா?

முகம் மட்டும் உள்ள படம் அழகு, அடையாளத்துக்குப் போதாது. மேலிருந்து முழு உடம்பு, பக்கவாட்டு, முகம் என்று மூன்றும் எடுங்கள். தேதி, இடம், எந்தச் செடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் அப்படிப் பதிவேற்றினால் தெரிந்தவர்கள் உதவுவார்கள். இருந்தும் பல இனங்களை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். பேரினத்தோடு நின்றாலும் அது சரியான பதில்தான். தெரியாத பெயரை ஊகித்து எழுதுவது பின்னால் வருபவர்களைக் குழப்பும்.

நேற்று பார்த்த அதே சிலந்தியை மறுபடி பார்க்க முடியுமா?

முடியும். பட்டுப் பை இருக்கும் செடிக்கே பல நாள் திரும்பி வரும். கால் ஒன்று குறைவாக இருப்பது, வயிற்றில் ஒரு வடு என்று ஏதாவது ஓர் அடையாளத்தைப் பழைய படத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இளைய சிலந்தி சட்டை உரித்துவிட்டால் நிறமே மாறியிருக்கும், இழந்த காலும் குட்டையாக மறுபடி முளைத்திருக்கலாம். நான் போகும் பூங்காவில் அறிவிப்புப் பலகை ஒன்றின் மேல்மூலையில் இடது முன்கால் இல்லாத ஒரு பெண் சிலந்தி இருந்தாள். பதினோரு காலைகள் அவளை எடுத்தேன். முதல் இரண்டு நாள் ஓடி ஒளிந்தாள். மூன்றாம் நாளிலிருந்து நான் போனதும் விளிம்புக்கு வந்து நின்று பார்ப்பாள், பதினொன்றிலும் கண் கருப்பு.